கட்டை சரி!

1

“… கட்டை வைச்சியோ வைக்கேல்லையோ, அதையெல்லாம் இனி ஆர் கேக்கப்போகினம், அந்தோனி?”

இதைச் சொன்னவர் பெரிய மனிதர். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல், ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில், நான் வேலை செய்யும் கார்ப்படகின் தட்டில் நின்று, என் முகத்தைப் பாராமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொன்ன கையோடு ஒரு காரியமும் செய்தார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். உங்களைக் காக்கவைக்கிற ஆசை எனக்கில்லை. நடந்தது முழுவதும் தெரியாவிட்டால் அவர் செய்தது என்னவென்று உங்களுக்கு விளங்காது, அதுதான்.

ஆர் கேட்கப்போகினம் என்றாரே, நான் கேட்கிறேன். புதுக்குடியிருப்புத் தேத்தண்ணிக் கடையில் இந்தப் பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டிருக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறதென்று என் தங்கை பிலோமினா எழுதியிருந்தாள். வாசிக்கிறவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து இந்தப் பக்கத்தில் கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பின்வாங்கில் இருப்பவர்களுக்கும் கேட்க வாசியுங்கள்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் பத்திரிகைக்காரர் வெட்டிவிடுவார். அடையாளம் மட்டும் சொல்கிறேன். எங்கள் பகுதியில் றோட்டு வேலை ஓவசியராக இருந்தவர். மழை பெய்யாத நாளிலும் கையில் குடை. அதை விரிக்கமாட்டார், ஆட்களைச் சுட்டிக் காட்டத்தான் வைத்திருந்தார். குடை நுனி யாருடைய நெஞ்சுக்கு நேரே நீள்கிறதோ அவனுக்கு அன்றைக்குச் சனி. “கெதியா, கெதியா” என்பது அவருடைய வாய்ப்பாடு. சாப்பாட்டுக்கு முன் சிலுவை போடுகிற மாதிரி, எந்த வேலைக்கு முன்னும் “கெதியா.” இவ்வளவும் போதும். கடையில் இருப்பவர்கள் இந்நேரம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

2

நான் வேலை செய்வது ஒரு சின்னப் படகு. தீவின் பெயரை எழுதினால் அச்சுக் கோர்ப்பவர் என்னைத் திட்டுவார். இங்கேயே அது தீவு ஆட்களின் வாயில் ஒருவிதம், தபால் முத்திரையில் வேறுவிதம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய கடல். இந்தக் கரையில் நான் இருமினால் அந்தக் கரையில் நாய் குரைக்கும், அவ்வளவுதான் அகலம். ஆனால் கடல் பெருக்கு மாறி வற்று இழுக்கும்போது அது ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், மாரி மழையில் வாய் வெட்டிக் கடலுக்குள் பாய்கிற எங்கள் ஊர் நாயாறுதான் எனக்கு ஞாபகம் வரும்.

படகின் தலைவர் பெயர் கலம். கப்பல் ஓட்டுகிறவனுக்கு நாங்கள் யோசித்து வைத்த பெயர்போல இருக்கிறது, ஆனால் அவருடைய அப்பனுக்கும் அப்பனுக்கப்பனுக்கும் அதே பெயர்தான். மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. மழை பெய்தால் வரமாட்டார். ஆகவே இரண்டு பேர் வேலை செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டு மழையைப் பற்றிக் கலம் சொல்வதைக் கேட்கவேண்டும். தொப்பியிலிருந்து தண்ணீர் வழிய வழிய நின்றுகொண்டு, “இண்டைக்கு மழையில்லை, ஈரம்தான்” என்பார். அவருடைய பேச்சை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

காலையில் முதல் வேலை துறையைக் கழுவுவது. கரையிலிருந்து கடலுக்குள் சரிந்து இறங்குகிற கொங்கிறீற்றில் ஒவ்வொரு பெருக்குக்கும் சாதாழைப் பாசி படர்ந்துவிடும். அதைச் சுரண்டி, சாம்பல் தூவாவிட்டால் கார் ஏற முன்னம் சறுக்கும். பிறகு படகின் அடியில் நின்ற தண்ணீரை இறைப்பது. பிறகு சுழல்தட்டுக்குக் கொழுப்புப் பூசுவது.

சுழல்தட்டைத்தான் உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். படகு துறைக்குப் பக்கவாட்டில் வந்து அணையும். கார் பக்கத்தால் ஏறும். ஏறியபடியே விட்டால் மூக்கும் வாலும் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் படகின் மேல்தட்டு முழுவதையும், கார்களோடு சேர்த்து, திரிகைக் கல்லைச் சுற்றுவதுபோலச் சுற்றி நேராக்குவோம். அதைச் சுற்ற இயந்திரம் ஒன்றும் இல்லை. கலத்தின் தோளும் என் தோளும்தான். அப்போது காரில் இருப்பவர்கள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். இறங்கியவர்களில் தோள் உள்ளவர்கள் வந்து தள்ளுவார்கள். வைத்தியர் தள்ளுவார், பாதிரியார் தள்ளுவார், ஒருமுறை மணவறைக்குப் போகிற மாப்பிள்ளை புதுக்கோட்டோடு தள்ளினான். தட்டு நேரானதும் ஓர் இரும்பு ஆணியைப் போட்டுப் பூட்டிவிட்டுப் புறப்படுவோம். அக்கரையில் திரும்பவும் ஒரு சுற்று.

நாலு கார் பிடிக்கும். தபால் வான், வைத்தியர், செம்மறி ஏற்றிய லொறி, கோடையில் ஊர் பார்க்க வருகிறவர்கள். பெட்டியில் போகிறவர்களையும் ஏற்றியிருக்கிறோம். அவர்களுக்குக் கலம் தொப்பியைக் கழற்றுவார், ஆனால் வரிசையில் முந்த விடமாட்டார். “அவருக்கு இப்ப என்ன அவசரம்?” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை படகு ஓடாது. இந்தத் தீவில் இருப்பது புரட்டஸ்தாந்து வேதக்காரர், அன்று உடுப்புக்கூடக் காயப்போடமாட்டார்கள். கத்தோலிக்கக் கோயில் இருப்பதோ அக்கரையில். ஆகவே முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, பூசை தவறாமல் வளர்ந்தவன், ஆறு நாளும் ஊர் முழுவதையும் அக்கரைக்கு ஏற்றி இறக்கிவிட்டு, ஏழாம் நாள் கோயில் மணியை இக்கரையில் இருந்து கேட்கிறேன்.

3

கார்கள் ஏறித் தட்டைப் பூட்டியதும் ஒவ்வொன்றின் பின்சில்லுக்குப் பின்னாலும் ஆப்புப்போலச் செதுக்கிய மரக்கட்டை ஒன்றை நான் காலால் இறுக்கி வைப்பேன். வைத்துவிட்டு உரத்துக் கூவுவேன்: “கட்டை சரி!”

தமிழில்தான். பழக்கம் விடவில்லை. முதல்நாள் கலம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கருத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து அந்தக் கூவல் கேட்காமல் அவர் கயிற்றை அவிழ்த்ததில்லை. நான் காய்ச்சலில் படுத்த வாரம் அவரே கட்டை வைத்து, அவரே “காட்டே சாரி” என்று கூவி, அவரே புறப்பட்டாராம். என் மகள் மாரி வீட்டுக் கதவைச் சாத்தும்போதும் அதைக் கூவுகிறாள். மரியா என்பதற்கு இவர்கள் பெயர் மாரி. பொருத்தமான பெயர், பிறந்தநாள் முதல் மழைதான். அவள் தாயோடு தீவுப்பேச்சு, பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு. தமிழில் அவளிடம் இருப்பது “ஓம்”, “சோறு”, “கட்டை சரி” ஆகிய மூன்றும்தான். ஒருநாள் கேட்டாள், “அப்பா, சில்லோட ஏன் சத்தம் போடுறீங்கள்? சில்லுக்குக் காது கேக்குமோ?” எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? சில்லுக்கு அல்ல மகள், ஊருக்கு என்றேன். அவள் கடலைப் பார்த்துவிட்டு, ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

நாயாற்றிலும் அந்தக் கூவல்தான். அங்கே நான் வேலை செய்ததைப் பாதை என்போம். இரண்டு வள்ளங்களைச் சோடி சேர்த்து மேலே பலகை அடித்தது. ஒரு கார் பிடிக்கும். இரண்டு பேர் முன்னால் நின்று கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். இழுக்கிறவர்களின் முதுகு காருக்கு. பின்னால் என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கட்டை வைக்கிறவன் “கட்டை சரி!” என்று கூவினால்தான் கயிற்றில் கை வைப்பார்கள். இன்னொரு சட்டமும் உண்டு. கட்டையை வைத்தவன்தான் எடுப்பான். பாதை கரையில் முட்டி, முன் கயிறு கட்டின பிறகுதான் எடுப்பான். அந்தக் கட்டைக்காரன் நான்.

ஒருநாள் பெரிய துரை ஒருவர் கொக்கிளாய்ப் பக்கம் பார்வைக்கு வருகிறாராம். ஓவசியர் ஐயா தன் காரோடு வந்தார். காரின் சுக்கானில் றைவர் இராசையா அண்ணை இருந்தார். வவுனியாக்காரர், பகிடி விடுவார், எல்லாரையும் மச்சான் என்பார். நான் கட்டை வைத்தேன். கூவினேன். புறப்பட்டோம். முக்கால்வாசி கடந்ததும் ஐயாவுக்குப் பொறுக்கவில்லை.

“இராசையா, ஸ்ராட் பண்ணு! பிறேக்கை விட்டிட்டு ரெடியா இரு. கரை முட்ட ஏறவேணும்.” கார் இரையத் தொடங்கியது. அந்த இரைச்சலுக்குள் குடை என் நெஞ்சுக்கு நேரே நீண்டது. “நீ ஏன்ரா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கட்டையை எடு, கெதியா!”

“ஐயா, இன்னும் முட்டேல்லை. கயிறு கட்டினாப்பிறகுதான்…”

“எனக்குப் படிப்பிக்கிறியோ? தள்ளு!”

குடையால் என்னை விலத்திவிட்டு, தன் கறுத்தச் சப்பாத்தால் கட்டையை உதைத்தார். கட்டை உருண்டு தண்ணீருக்குள் விழுந்தது. அதே நேரம் பாதை மணல்திட்டில் ஏறியது. முன்பக்கம் கிளம்பியது. கார் பின்னால் உருண்டு தண்ணீருக்குள் போனது. இராசையா அண்ணை “மச்சான்!” என்று கத்தியது மட்டும் கேட்டது.

நான் குதித்தேன். கதவுக்குள் அவர் கால் மாட்டியிருந்தது. எப்படி இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது. உயிரோடு கரைசேர்த்தேன். காலை முழங்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

4

விசாரணை ஓர் அரசாங்கக் கந்தோரில் நடந்தது. கயிறு இழுத்த இருவரும், “கட்டை சரி எண்டு அந்தோனி கூவினவன், நாங்கள் கேட்டனாங்கள்” என்றார்கள். உண்மை. ஐயா அதற்கு அமைதியாக, “கூவினவன்தான். வைக்கேல்லை” என்றார். கூவினது எல்லாருக்கும் கேட்கும், வைத்ததை யார் பார்த்தது? கார் இரைச்சலில் “கட்டையை எடு” என்றது யாருக்குக் கேட்டது?

பிறகு ஒரு தாள் தந்தார்கள். முழுக்க இங்கிலீசு. ஐயாவே தோளில் கை போட்டு, “நீ தண்ணிக்குள்ளை குதிச்சு ஆளைக் காப்பாத்தினதெல்லாம் இதிலை எழுதியிருக்கு. போடு கையெழுத்தை” என்றார். இதுதான் நான் விட்ட பிழை. இங்கிலீசில் கையெழுத்துப் போடப் பழகி அப்போது ஒரு மாதம். மணலிலும் சிரட்டையிலும் எழுதிப் பழகியது. ஒரு கந்தோர் மேசையில், நல்ல பேனையால் போட எனக்கு ஆசையாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, வடிவாகப் போட்டேன். இரண்டு கிழமை கழித்து வாத்தியார் ஒருவர் அதன் பிரதியை வாசித்துத் தமிழில் சொன்னார். “கட்டை வைக்க நான் மறந்துபோனேன். குற்றம் என்னுடையது.” கீழே என் வடிவான கையெழுத்து.

வேலை போனதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. இராசையா அண்ணையைப் பார்க்கத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் இருந்தபடியே அவர் என் முகத்தில் துப்பினார். அவரில் பிழையில்லை. அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். நான் கட்டை வைக்கவில்லை என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஊர் எனக்கு ஒரு பெயர் வைத்தது. கட்டை வைக்காத அந்தோனி. சந்தையில், கோயில் வாசலில், கரைவலை இழுக்கிற இடத்தில். பிலோமினாவுக்கு முல்லைத்தீவில் ஒரு சம்பந்தம் பேசிச் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “கட்டை வைக்க மறக்கிற குடும்பத்திலை எங்கடை பிள்ளையை எப்பிடி வைக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த வசனத்தைச் சொன்ன பெரியவருக்கு அது நல்ல பகிடியாக இருந்திருக்கும். பிலோமினா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்தவில்லை. இன்றுவரை வேறு சம்பந்தம் வரவில்லை.

நான் திருகோணமலைக்குப் போய்க் கப்பல் ஏறினேன். கிளாஸ்கோவில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் விழுந்தேன். அங்கே தரை துடைக்கிற வேலையில் இருந்தவள்தான் மோறாக், மாரியின் தாய், இந்தத் தீவுப் பெண். என்னுடைய பேச்சு அவளுக்கு விளங்காது, அவளுடையது எனக்கு விளங்காது. “அதனாலைதான் சரிவந்தது, இப்ப விளங்குது, இப்பதான் சண்டை” என்று அவள் ஆட்களிடம் சொல்லித் திரிகிறாள்.

இந்தப் படகில் வேலைக்குக் கேட்டபோது ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். முன்பு செய்த வேலை என்ன? பாதையில் கட்டை வைப்பது. விட்டதற்குக் காரணம்? அந்தக் கோட்டுக்கு மேலே மூன்று நாள் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், “ஒரு பெரிய மனிதர் அவசரப்பட்டார்” என்று மோறாக்கிடம் எழுத்துக் கேட்டு எழுதினேன். அதைப் பார்த்துக் கலம் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. “ஓ, எங்களிட்டையும் அப்பிடி ஆக்கள் இருக்கினம்” என்றார்.

படகில் ஒரு புத்தகம் இருக்கிறது. முட்டல் மோதல் ஏதும் நடந்தால் அதில் எழுதி, சம்பந்தப்பட்டவன் கையெழுத்து வைக்க வேண்டும். முதல் வருடம் ஒரு லொறி விளக்கு உடைந்தது. கலம் எழுதி நீட்டினார். நான் வைக்கமாட்டேன் என்றேன். வாசித்துக் காட்டினார். அப்போதும் வைக்கவில்லை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மோறாக்கின் பள்ளிக்கூட அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தேடி, நாலாம் நாள் வைத்தேன். அப்படித்தான் நான் இங்கிலீசு படித்தது. ஒரு விளக்கு உடைந்த கதையில் தொடங்கிய படிப்பு.

பதினொரு வருடமாகச் சுழல்தட்டைத் தள்ளும்போதெல்லாம் என் தோளுக்கு எதிரில் இருந்தது இரும்பு அல்ல, ஓவசியர் ஐயா. அவரை எத்தனை விதமாக வெட்கப்படுத்தினேன் தெரியுமா? கந்தோர் வாசலில் வைத்து ஒருமுறை, கோயில் திருவிழாவில் சனத்துக்கு நடுவில் ஒருமுறை, அவருடைய மகளின் கலியாணப் பந்தலில் ஒருமுறை. ஒவ்வொரு நாளும் எட்டுத் தரம், பத்துத் தரம் “கட்டை சரி!” என்று கூவினேனே, அது கலத்துக்கு என்று கலம் நினைத்தார். அது சாட்சி. வைத்தேன், வைத்தேன், வைத்தேன் என்று கடலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இராசையா அண்ணை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், இருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் காலைப் பறித்தது என் கை அல்ல. அவருடைய சப்பாத்து.

5

அந்தச் சனிக்கிழமை வற்று இழுத்துக்கொண்டிருந்தது. கடைசிக் காராக ஒரு சின்னக் கறுத்த வாடகைக் கார் துறையால் இறங்கியது. ஓட்டிய பையன் நம் நிறம். கண்ணாடியை இறக்கி, பிறேக் சரியாகப் பிடிப்பதில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாக இங்கிலீசில் சொன்னான். அவனை ஏற்றிப் படகின் வால் பக்கமாக நிறுத்தினேன். பின்னால் ஒரு சங்கிலி, அதற்குப் பின்னால் தண்ணீர்.

எல்லாரும் இறங்குங்கள், தட்டைச் சுற்றப் போகிறோம் என்றார் கலம். பையன் துள்ளி இறங்கினான். கிளாஸ்கோவில் பாலம் கட்டுகிற படிப்புப் படிக்கிறானாம். தோளைக் கொடுத்தபடியே, உருளை எத்தனை, பாரம் எவ்வளவு என்று கலத்தைத் துளைத்தெடுத்தான். மற்றக் கதவால் மெல்ல ஒரு கிழவர் இறங்கினார். கம்பளிக் கோட்டு, கழுத்தில் துணி, கையில் விரிக்காத குடை.

குடை என்னைச் சுட்டியது.

“தம்பி, இவன் ஆர், பாகிஸ்தான்காரனோ? கெதியா எடுக்கச் சொல்லு. எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவேணும்.”

“அப்பா, ப்ளீஸ்” என்றான் பையன்.

மழைத் தொப்பிக்குள் என் முகம் அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவருடைய குரலே போதும். பூட்டாணியைப் போட்டேன். கட்டையை எடுத்துக்கொண்டு அந்தக் கறுத்தக் காரின் பின்னால் போனேன். காலால் இறுக்கினேன். நிமிர்ந்து, அவரை நேரே பார்த்துக்கொண்டு, நாயாற்றுக்குக் கேட்கக் கூவினேன்.

“கட்டை சரி!”

நீட்டிய குடை தாழ்ந்தது. படகு புறப்பட்டது. பையன் மழைக்குக் காருக்குள் ஏறி, சுக்கானுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஒரு கொப்பியில் சுழல்தட்டைப் படம் கீறத் தொடங்கினான். கிழவர் ஏறவில்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்து என்னிடம் வந்தார்.

“நீ… எந்த இடம்?”

“நாயாறு.”

தொப்பியைக் கழற்றினேன். கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவேமாட்டேன்.

“அட, அந்தோனி! பாத்தியே, நல்லாத்தானே இருக்கிறாய்! சீமையிலை உத்தியோகம். அங்கை கிடந்திருந்தால் கருவாடும் நீயும்தான். ஒருவிதத்திலை பாத்தால் நான்தான் உன்னை அனுப்பிவிட்டனான், என்ன?”

“ஓம் ஐயா. இராசையா அண்ணையையும் ஒற்றைக் காலோடை நீங்கள்தான் அனுப்பினனீங்கள்.”

“மெல்லக் கதை. மோன் இருக்கிறான்.”

“மோனுக்குத்தான் ஐயா கேக்கவேணும். பாலம் கட்டப் படிக்கிற பிள்ளை. ஒரு வசனம் போதும். கண்ணாடியைத் தட்டி, கட்டையை எடுத்தது ஆர் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

“விசர்க்கதை கதைக்காதை. எழுதி முடிஞ்ச விசயம். நீயே கையெழுத்து வைச்சனி.”

“வாசிக்கத் தெரியாமல் வைச்சனான். இப்ப வாசிப்பன் ஐயா. எழுதவும் எழுதுவன்.”

அவர் குடையைக் கைக்குக் கை மாற்றினார். கலம் முன்னால், எங்களுக்கு முதுகு காட்டியபடி, சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுக்கடல் இழுவையில் படகின் வால் தாழ்ந்து தாழ்ந்து எழும்பியது. தாழ்கிற ஒவ்வொரு முறையும் கார் ஒரு விரற்கடை பின்னால் வந்து கட்டையில் சாய்ந்தது. சாய்கிறது என் சப்பாத்துக்குத் தெரிந்தது.

ஏனென்றால் என் வலது கால் அந்தக் கட்டையில் இருந்தது. இதை நான் மறைக்கமாட்டேன். உதைக்கிறவன் வைப்பதுபோல, பக்கவாட்டில், குதிக்காலை ஊன்றி வைத்திருந்தேன். எப்போது வைத்தேன் என்று தெரியாது. எடுக்க மனமும் வரவில்லை. போன கிழமை அக்கரைக் கோயிலுக்குப் போய் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். உதைத்திருப்பாயா என்று குருசுவாமி கேட்டார். தெரியாது என்றேன். அந்தப் பிள்ளை உனக்கு என்ன செய்தது என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அப்படிக் காலை வைத்ததற்கு மனம் நொந்து மனஸ்தாபம் வந்ததா என்றார். பிள்ளையை நினைத்தால் வருகிறது, தகப்பனை நினைத்தால் போய்விடுகிறது என்றேன். அப்படியானால் அடுத்த மாதம் வா என்று அனுப்பிவிட்டார்.

கிழவர் என் காலைக் கண்டார். காருக்குள் குனிந்து படம் கீறிக்கொண்டிருந்த மகனின் பிடரியைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாகப் பேசுகிறவர்போலத் தொடங்கினார்.

“எத்தினை வருசமாச்சு. துரையும் போட்டார், கந்தோரும் மாறிப்போச்சு. நீ கட்டை வைச்சியோ வைக்கேல்லையோ, அதையெல்லாம் இனி ஆர் கேக்கப்போகினம், அந்தோனி?”

படகின் வால் தாழ்ந்தது. கார் கட்டையில் சாய்ந்து முனகியது.

ஓவசியர் ஐயா முழங்காலில் விழுந்தார். குடை உருண்டு சங்கிலிக்குக் கீழால் கடலுக்குள் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. எண்ணெயும் உப்புத் தண்ணீரும் கிடந்த தட்டில், அந்த நல்ல கோட்டோடு, என் சப்பாத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்து அந்தக் கட்டையைப் பிடித்தார்.

மகன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே போட்டான். “அப்பா! என்ன செய்யிறியள்?” இந்த முறை தமிழில் கேட்டான்.

அவர் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் காலை எடுத்தேன். அவர் கையை எடுக்கவில்லை. படகு அக்கரையில் முட்டி, கலம் முன் கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை, அவர் அந்தக் கட்டையைப் பிடித்தபடியே முழங்காலில் இருந்தார்.